அடியில் ஓடிய பச்சை

நீலசந்திராவில் அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் வெயில் விழாது. ஒரு பக்கம் எப்போதோ மூடிவிட்ட மரக்கடையின் உயரமான சுவர். மறுபக்கம் அடுத்த தெருவில் எழும்பிய நான்கு மாடிக் கட்டடம். நடுவே ஒரு பலாமரம், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தன் இலைகளில் வாங்கிக்கொண்டு நின்றது. அங்கே துணி போட்டால் காய்வதற்குள் வாடை வந்துவிடும். மரக்கடைக்காரர்கள் கொட்டிய மரத்தூள் மண்ணோடு மக்கிப்போய், தரை மிதித்தால் அமுங்கும்.

புரட்டாசியில் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கப் பின்பக்கம் போன காந்தா அந்த மண்ணில் காளான் முளைத்திருப்பதைப் பார்த்தாள். ஒன்றிரண்டல்ல, பலாமரத்தைச் சுற்றி வளைத்துக் கொத்துக்கொத்தாக. சில இன்னும் விரியாத மொட்டு. சில உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த குடை. வெள்ளைக் குடையின் உச்சியில் காப்பிப்பொடியைத் தூவினாற்போலப் பழுப்புச் செதில்கள். தண்டின் மேல்பக்கம் ஒரு வளையம்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையில் பறித்துப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

“வீணா, இத பாரு. புரட்டாசில கோழி இல்லன்னு உன் புருசன் மூஞ்சத் தூக்கிக்கினு சுத்தினான்ல? பெருமாளே பாத்து அனுப்பிக்கிறாரு.”

மருமகள் வீணா அடுப்பருகில் நின்று மகள் ரக்ஷாவுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஆற்றத் தொடங்கினாள்.

முந்தின நாள் சாயங்காலம் இருவருக்கும் சண்டை. வீணா சந்தாபுராவில் பிறந்து வளர்ந்தவள். அவள் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸ் கம்பெனி அந்தப் பக்கமாக இடம் மாறப் போகிறது. அங்கேயே வீடு பார்த்துப் போய்விடலாம் என்று மாதக்கணக்காகக் கணவன் தினேஷிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஏசி மெக்கானிக். அவனுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை உண்டு. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்துப் பேச அவனால் ஆகவில்லை. நேற்று வீணாவே பேசிவிட்டாள். “போங்கடி, எல்லாரும் போங்க. நான் செத்தப்புறம் வந்து கதவப் பூட்டிக்கினு போங்க,” என்று காந்தா கத்தியது வரிசை வீடு முழுக்கக் கேட்டது.

காந்தா ஈஜிபுராவில் பெண்கள் தங்கும் பிஜி ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். தினம் அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதிக்க வைத்துவிட்டு வருகிறவள் ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பக்கம் வருவதில்லை. அன்றைக்கு வீணாவுக்கும் கம்பெனியில் ஓவர்டைம் இருந்தது. ஷிப்மென்ட் அவசரம். சமைத்து வைத்துவிட்டுப் பத்து மணி வேனைப் பிடிக்க வேண்டும்.

அவள் காளானைக் கழுவி நறுக்க உட்கார்ந்தாள். குடையைக் கவிழ்த்துப் பிடித்தபோது அடியில் இருந்த மெல்லிய மடிப்புகளில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. பழைய வெண்கலத்தில் களிம்பு ஏறினாற்போல. எல்லாவற்றிலும் இல்லை. பெரிதாக விரிந்திருந்தவற்றில் மட்டும். கத்தி பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் சிவந்தது.

“அத்த, அடியில பச்சையா இருக்குது. வெட்டினா செவக்குது. இது தின்றதுதானா?”

“மழையில பாசி ஏறிருக்கும். எங்க ஊரு செங்கம் பக்கம் ஒரு மழை பேஞ்சா நாங்க கூடை கூடையா பொறுக்குவோம். நீ பாக்கெட்டுல வர்ற காளானத்தான் பாத்துருப்ப.”

“இல்ல அத்த, எதுக்கும் யாரையாவது கேட்டு...”

“எனக்குத் தெரியாதத நீ யாராண்ட கேக்கப் போற? புடிக்கலன்னா ஆக்காத போ. சந்தாபுராக்குப் போய் உன் இஷ்டத்துக்கு ஆக்கிக்க.”

வீணா சட்டியை அடுப்பில் ஏற்றினாள். வெங்காயம், தக்காளி வதக்கி, பூண்டு தட்டிப் போட்டு, மிளகுத்தூள் தூக்கலாகத் தூவிக் காளானை வறுத்தாள். வீடெல்லாம் மணந்தது. சட்டியை இறக்கித் தரையில் வைத்தபோது சத்தம் கொஞ்சம் பெரிதாகவே எழுந்தது. அதற்குப் பிறகு அவள் செய்த காரியம்தான் பின்னால் அவள்மேல் விழுந்தது. ஒரு சின்ன டப்பாவில் தயிர்சாதம் பிசைந்து தனியாக வைத்தாள். படுக்கையில் கிடந்த தினேஷை எழுப்பி, “பாப்பாக்கு இது மட்டும் குடு. காரம் எதுவும் தராத,” என்றாள். தனக்குக் காலையில் மீந்த இட்லியை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள்.

*

கம்பெனியில் மிஷின் முன்னால் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. மத்தியானம் சூப்பர்வைசர் தன் போனை எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தார். பக்கத்து வீட்டு குளோரியா பேசினாள்.

“வீணா, பயப்படாத. உங்க அத்தையும் தினேசும் வாந்தி எடுத்துக்கினே இருக்காங்க. வயித்தாலயும் போவுது. அத்தை எந்திரிக்கவே முடில. ஆட்டோ வச்சு ரிச்மண்ட் டவுன் பக்கம் அந்த ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன். நீ நேரா இங்க வந்துடு.”

“பாப்பா?”

“பாப்பா நல்லா கீறா. என் மடியிலதான் உக்காந்துனுக்கிறா.”

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வீணாவின் கண்ணுக்குள் அந்தப் பச்சை மடிப்புகள்தான் இருந்தன.

அவசரப் பிரிவில் காந்தா கண்ணை மூடிக் கிடந்தாள். ஒரே பொழுதில் முகம் சுருங்கி, உதடு வெளுத்து, வேறு யாரோ போல இருந்தாள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் தினேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்திருந்தான். அல்சூரில் இருந்து வந்திருந்த அவனுடைய அக்கா நாகரத்னா அம்மாவின் கால்மாட்டில் நின்றாள்.

“வாம்மா,” என்றாள் நாகரத்னா. “நீ மட்டும் தெம்பா கீற.”

“அண்ணி, எப்புடி இருக்காங்க? டாக்டர் இன்னா சொன்னாங்க?”

“அத அப்புறம் சொல்றேன். நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லு. ஆக்கினது நீ. நீ ஏன் தின்ல?”

“வேலைக்கு நேரமாச்சு அண்ணி. இட்லி எடுத்துக்கினு போனேன்.”

“சரி. கொழந்தைக்கு மட்டும் எதுக்குத் தயிர்சாதம் தனியா பிசைஞ்சு வச்சே? தினேசு சொன்னான். காரம் குடுக்காதன்னு சொன்னியாமே. மிளகு ரசம் ஊத்தித் தின்ற கொழந்தைக்கு இன்னிக்கு மட்டும் இன்னா காரம்?”

வீணா பதில் சொல்வதற்குள், குளோரியாவின் மடியில் இருந்த ரக்ஷா முனகினாள். அடுத்த நொடி குளோரியாவின் புடவையெல்லாம் வாந்தி. தயிர்சாதத்தின் வெள்ளைக்கு நடுவே பழுப்பாகச் சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தன.

“யேசப்பா!” என்றாள் குளோரியா.

வீணா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். “இன்னா குடுத்தீங்க? யாரு குடுத்தது? தயிர்சாதம் மட்டும்தானே குடுக்கச் சொன்னேன்!”

தினேஷ் தலையைத் தூக்கினான். “அம்மா ரெண்டு வாய் ஊட்டிச்சு. நான் குளிக்கப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள...”

நர்ஸ் ஓடிவந்து குழந்தையை வாங்கிக் கட்டிலில் கிடத்தினாள். ஊசி ஏற்ற நரம்பு தேடியபோது ரக்ஷா வீறிட்டாள். கொஞ்ச நேரத்தில் வீறிடக்கூடத் தெம்பில்லாமல் அழுகை மெலிந்தது. அந்த மெலிந்த சத்தம்தான் வீணாவை அதிகமாகப் பயமுறுத்தியது.

*

டியூட்டி டாக்டர் அதிதி சின்னப் பெண். கன்னடக்காரி. தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது கன்னடம் கலந்துவிடும்.

“அடுகெ மாடிது யாரு? சமைச்சது?”

“நான்தான் டாக்டர்.”

“சரி, நீங்க இங்க வாங்க. கவனமா கேளுங்க.” அதிதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “விஷக் காளான் ரெண்டு விதமா வேலை செய்யும். ஒண்ணு உடனே வயித்தப் பொரட்டிடும். கஷ்டம்தான், ஆனா தண்ணி ஏத்தினா தாண்டிடுவாங்க. இன்னொண்ணு உடனே ஒண்ணும் தெரியாது. மறுநாள்தான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள லிவர் போயிருக்கும். உங்க வீட்ல சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துலயே வாந்தி. அது நல்லதுதான். ஆனா ரெண்டு காளானும் கலந்து சமைச்சிருந்தா? மொதல்ல இது வாந்தி எடுக்க வைக்கும், நாம சரியாயிடுச்சுன்னு நெனைப்போம். நாளைக்கு அது வரும்.”

“கொழந்தைக்கு?”

“குழந்தைக்கு பிபி ரொம்ப கம்மி. லிவர் டாக்டர் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா இப்பவே அனுப்பணும். ஆனா இந்த நெலமையில ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு டிராஃபிக்ல மாட்டினா அதுவும் ஆபத்து. அதுக்குத்தான் கேக்கறேன். சமைக்கறதுக்கு முன்னாடி நறுக்கிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்துச்சு? அடியில என்ன கலர்?”

நாகரத்னா நகர்ந்து அருகில் வந்து நின்றாள். தினேஷ் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளை என்று சொல்லிவிடலாம். ஞாபகமில்லை என்று சொல்லலாம். அவசரத்தில் நறுக்கினேன், கவனிக்கவில்லை என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. வீணாவுக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது. ரக்ஷாவின் மூடிய இமைகளைப் பார்த்தாள்.

“பச்சை,” என்றாள். “பெரிய காளான்ல எல்லாம் அடி மடிப்பு பச்சையா இருந்துச்சு. சின்னதுல வெள்ளை. வெட்டின எடம் செவந்துச்சு. தண்டுல ஒரு வளையம். மேல பழுப்பா செதில் செதிலா.”

“நல்லா பாத்தீங்களா? நிச்சயமா பச்சையா?”

“பாத்தேன் டாக்டர். பாத்துட்டு எங்க அத்தைகிட்ட சொன்னேன்.”

“பாத்துட்டியா?” நாகரத்னாவின் குரல் அந்த அறை முழுக்க ஏறியது. “பாத்துட்டுத்தான் ஆக்கி வச்சியா? உன் கொழந்தைக்குத் தயிர்சாதம், எங்கம்மாக்கு வெசமா? தனிக்குடித்தனம் போறதுக்கு இதான் வழின்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க? அடிப்பாவி! தினேசு, கேட்டியாடா? உன் பொண்டாட்டி வாயாலயே சொல்றா!”

“ஆன்ட்டி, வெளிய போங்க. ப்ளீஸ்,” என்றாள் அதிதி. நாகரத்னா போகவில்லை. செக்யூரிட்டி வந்து கூட்டிப்போனான்.

தினேஷ் வீணாவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குழம்பிப்போயிருந்தான். “என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடி,” என்றான். அதற்குள் மறுபடி ஓங்கரிப்பு வந்து, பக்கத்தில் இருந்த தட்டுக்குள் குனிந்துவிட்டான்.

அதிதி போனை எடுத்து யாரிடமோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். பிறகு வீணாவிடம் திரும்பினாள். “எனக்குக் காளான் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தர் இருக்காங்க. சுப்புலக்ஷ்மி மேடம், பாட்டனி புரொபசரா இருந்தவங்க. தமிழ்தான். அவங்க காளானையே பாக்கணுமாம். உங்க வீடு எவ்வளவு தூரம்? இன்னும் அங்க காளான் இருக்கா? போய் எடுத்துட்டு வாங்க. அங்கிருந்தே அவங்களுக்கு வீடியோ கால் பண்ணுங்க, நம்பர் தரேன்.”

வீணா குழந்தையைப் பார்த்தாள்.

“நான் இங்கயே இருப்பேன். நீங்க போங்க.”

*

குளோரியா கூட வந்தாள். வாந்திப் புடவையை ஆஸ்பத்திரிக் குழாயில் அலசி, ஈரத்தோடே கட்டியிருந்தாள். ஆட்டோ பிடித்தார்கள். அசோக்நகர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

முற்றத்துக்குள் போனதும் வீணா சுப்புலக்ஷ்மியை அழைத்தாள். திரையில் நரைத்த தலையும் தடிக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள் வந்தார். பின்னால் புத்தக அலமாரி. குரல் நிதானமாக இருந்தது.

“நீங்கதான் வீணாவா? இங்க பாரும்மா, அழாம நான் சொல்றத மட்டும் செய்யுங்கோ. பிடுங்கப்படாது. சுத்தி மண்ணோட தோண்டி எடுக்கணும். அடி முக்கியம்.”

வீணா தோசைக் கரண்டியால் தோண்டினாள். குளோரியா ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நின்றாள். பலா இலைகளில் இருந்து பெரிய பெரிய துளிகள் கழுத்தில் விழுந்தன. மக்கிய மரத்தூளோடு ஒரு காளான் முழுசாக வந்தது.

“மண்ணைத் தட்டுங்கோ. மெதுவா. அடியில பை மாதிரி ஏதாவது இருக்கா? முட்டை ஓட்டுக்குள்ள நின்னாப்பல, தோல் உறை? லிவரைக் கெடுக்கற ஜாதிக்குத்தான் அது இருக்கும்.”

“இல்லம்மா. அடி கொஞ்சம் பருத்திருக்கு. அவ்ளோதான்.”

“காமிங்கோ. கிட்ட. சரி. இப்போ சுத்தி நன்னா பாருங்கோ. இதே ஜாதிதானா எல்லாம்? சுத்த வெள்ளையா, உச்சியில செதில் இல்லாம, வழவழன்னு வேற ஏதாவது இருக்கா?”

இருவரும் குனிந்து தேடினார்கள். சுவரோரம், மரத்தடி, உடைந்த சிமென்ட் தொட்டியின் பின்பக்கம். எல்லாம் அந்தப் பழுப்புச் செதில் காளான்தான். ஆனால் காந்தா காலையில் பறித்துப் போன இடங்களில் வெறும் குழிகள்தான் இருந்தன. அந்தக் குழிகளில் எது நின்றது என்று யாருக்குத் தெரியும்?

“இருக்கறது ஒரே ஜாதிதான்ம்மா. ஆனா பறிச்சது எல்லாம் இதானான்னு...”

“அதான் எனக்கும் கவலை. நறுக்கினப்போ அடியை என்ன பண்ணினேள்?”

வீணா நிமிர்ந்தாள். “தண்டு அடியெல்லாம் மண்ணா இருந்துச்சுன்னு வெட்டிப் போட்டேன். ஹசிக் கசா பக்கெட்ல, ஈரக் குப்பையோட.”

“கசா வண்டி வந்துட்டுப் போயிருக்குமே?” என்றாள் குளோரியா.

“ஞாயித்துக்கெழம லேட்டா வரும். நான் கெளம்பறப்ப வரல.”

சமையலறைக்குள் ஓடினார்கள். பச்சைப் பக்கெட் மூலையில் அப்படியே இருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து வீணா அதைக் கவிழ்த்தாள். காப்பிச் சக்கை, வெங்காயச் சருகு, முட்டைக்கோஸ் இலை, தக்காளிக் காம்பு. அதற்குள் இருந்து ஒவ்வொரு தண்டடியாகப் பொறுக்கித் தனியே வரிசையாக வைத்தாள். சிலவற்றில் சாம்பார்ப் பருப்பு ஒட்டியிருந்தது. துடைத்து வைத்தாள். கண் தவறவில்லை. காலரில் ஒரு தையல் விட்டுப்போனாலும் பார்த்துவிடுகிற கண் அது.

“இது பருத்திருக்கு. இதுவும். இது பருத்திருக்கு...”

பாதிக்கு மேல் வந்தபோது அவள் விரல் நின்றது. ஒரு தண்டின் அடியில் வெள்ளையாக, மெல்லிசாக, கிழிந்த தோல் ஒன்று சுற்றியிருந்தது. உறை மாதிரி.

“அம்மா,” என்றாள். குளோரியா போனைக் கீழே கொண்டுவந்தாள்.

திரையில் சுப்புலக்ஷ்மியின் முகம் அருகே வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இன்னும் கிட்ட. வெளிச்சம் காமிங்கோ.”

குளோரியா விளக்கைப் போட்டாள். வெளியே மழை தகரக் கூரையில் இரைந்தது.

“அதைத் தொட்டுப் பாருங்கோ. தண்டோட ஒட்டி வளர்ந்திருக்கா, தனியா வரதா?”

வீணா நகத்தால் தள்ளினாள். தோல் கையோடு வந்துவிட்டது. காகிதம் போலச் சரசரத்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

“பூண்டு,” என்றாள். “பூண்டுத் தோல்.”

குளோரியா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீணா உட்காரவில்லை. மிச்சம் இருந்ததையும் ஒன்று விடாமல் பார்த்து முடித்தாள். எல்லாம் ஒரே மாதிரி பருத்த அடி. ஒன்றிலும் பை இல்லை.

“கடைசியா ஒண்ணு,” என்றார் சுப்புலக்ஷ்மி. “முற்றத்துல நன்னா முத்தி விரிஞ்ச ஒரு காளான் இருக்குமே, அதுக்குக் கீழே இலை ஏதாவது விழுந்து கிடக்கா பாருங்கோ. மேல தூள் படிஞ்சிருக்கணும். அந்தத் தூளோட நிறம் வேணும். மழையில கரையறதுக்கு முன்னாடி.”

சுவரோரத்தில், மழை நேரடியாக விழாத இடத்தில், தட்டகலத்துக்கு விரிந்த ஒரு காளான் சாய்ந்து நின்றது. அதன் கீழே ஒரு பழுத்த பலா இலை. வீணா அதை இரு விரலால் தூக்கினாள். மஞ்சள் இலைமேல் மாவு சலித்தாற்போலத் தூள் படிந்திருந்தது. பச்சைத் தூள்.

சுப்புலக்ஷ்மி நீளமாக மூச்சு விட்டது போனில் கேட்டது. “இந்த நிறத்துல தூள் விடற காளான் நம்ம பக்கம் வேற எனக்குத் தெரியாது. கெட்ட காளான்தான். குடலைப் புரட்டிப் போட்டுடும். குழந்தேளுக்கு ரொம்பவே படுத்தும். ஆனா லிவர்கிட்டப் போறதில்லை. போன்ல பாத்து நான் சத்தியம் பண்ண மாட்டேன், இலையோட எல்லாத்தையும் கொண்டாங்கோ, நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன். அதிதிகிட்ட நான் இப்பவே சொல்றேன். குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம், அங்கேயே பாக்கட்டும்.” கொஞ்சம் தயங்கி, “அந்தப் பச்சையை நீங்க கவனிச்சது பெரிய விஷயம்மா,” என்றார்.

வீணா இலையை ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

*

குழந்தையை எங்கும் அனுப்பவில்லை. சாயங்காலம் சுப்புலக்ஷ்மி வந்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தான் சொன்னதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டுப் போனார். ஆனாலும் இரண்டு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் விடுவேன் என்றாள் அதிதி. ரக்ஷாவுக்கு மேலும் பலமுறை வாந்தி வந்தது. கடைசியில் வெறும் பித்தநீர். வீணா அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே இருந்தாள். நாகரத்னா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து விசாரித்தால், வீணாவின் காதில் விழும்படி நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது.

மறுநாள் மத்தியானம் காந்தா தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். நாகரத்னா விசிறியை எடுத்துக்கொண்டு அருகில் போனாள்.

“எம்மா, அவள வூட்டுக்குள்ள சேக்கக் கூடாது. டேசன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்துடலாம். டாக்டரம்மா எதிர்லயே ஒத்துக்கினா.”

காந்தாவின் குரல் உடைந்து வந்தது. “இன்னான்னு ஒத்துக்கினா?”

“பச்சையா இருந்தத பாத்தேன்னு.”

“என்னாண்டயும்தான் சொன்னா. பச்சையா இருக்குது அத்த, யாரையாவது கேக்கலாம்னு சொன்னா. நான்தான் வாய மூடுன்னேன். பறிச்சது நானு. ஆக்கச் சொன்னது நானு. போயி எனக்குச் சுடுதண்ணி வாங்கினு வா. போடி.”

நாகரத்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தினேஷ் பக்கத்துக் கட்டிலில் இருந்து, “அக்கா, போக்கா,” என்றான். அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள்.

வீணா எழுந்து மாமியார் கட்டிலருகே வந்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

“அத்த, நீங்க என்னக் காப்பாத்தணும்னு அப்புடிச் சொல்ல வேணாம். அண்ணி கேட்டதுல ஒண்ணு நெசம். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. அதான் நான் தின்ல. அதான் பாப்பாக்கு வேற வச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவணும்னு நெனைக்கல. சாமி சத்தியமா நெனைக்கல. ஆனா அந்தச் சட்டிய நான் கொட்டிருக்கணும். என்ன ஏசினாலும் கொட்டிருக்கணும். முந்தாநேத்து சண்டையில பேசின பேச்சு உள்ளயே இருந்துச்சு. தின்னுட்டுப் போங்கன்னு உட்டுட்டேன்.”

தினேஷ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

காந்தா தன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“நீ சட்டிய எறக்கி வச்ச சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுது. டப்பாவத் தொறந்து பாத்தேன், தயிர்சாதம். ஓகோ, என் பேச்சு மேல அவ்ளோதான் நம்பிக்கையான்னு ஆங்காரம் வந்துச்சு. அந்த ஆங்காரத்துலதான் பாப்பாக்கு ஊட்டினேன். நான் ஊட்டி ஒண்ணும் ஆவலன்னு நீ வந்ததும் சொல்லிக் காட்டணும்னு. பசிக்குதுன்னு அது கேக்கல. வேணாம்னு தலைய ஆட்டிச்சு. புடிச்சு ஊட்டினேன்.”

அவள் அழவில்லை. வீணாதான் அழுதாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல். பக்கத்துக் கட்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காந்தா அவளைத் தொடவில்லை. தேற்றவும் இல்லை. இருவருக்கும் நடுவே டிரிப் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை அதிதி சிரித்துக்கொண்டே வந்தாள். “ரிப்போர்ட் வந்திருக்கு. மூணு பேருக்கும் லிவர் நார்மல். பாப்பா வாந்தி நின்னு ரொம்ப நேரமாச்சு. கஞ்சி குடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா.”

ரக்ஷா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் எதிர்க் கட்டில் ஆளின் சக்கர நாற்காலியைப் பார்த்து, அதில் தன்னையும் உட்காரவைத்துத் தள்ளச் சொல்லி நச்சரிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் இருந்து வந்த கஞ்சியை வீணா கிண்ணத்தில் ஊற்றினாள். உப்பு போட்டுக் கலக்கினாள். ஸ்பூனை எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். காந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். தினேஷும், வாசலில் நின்ற நாகரத்னாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீணா ஸ்பூனைத் திருப்பித் தன் வாயில் வைத்து முதலில் ஒரு மடக்கு விழுங்கினாள். எல்லோரும் பார்க்கத்தான் விழுங்கினாள். பிறகு குழந்தைக்கு ஊட்டினாள்.

நாலு ஸ்பூன் உள்ளே போனதும் ரக்ஷா போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

“இங்க கொண்டா,” என்றாள் காந்தா.

வீணா ஸ்பூனைக் கழுவக் குழாய்ப் பக்கம் திரும்பினாள்.

“கழுவாத. அப்புடியே கொண்டா. எனக்கும் ஒரு வாய் குடு.”

வீணா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சியைக் கலக்கினாள். காந்தா கையை நீட்டவில்லை. கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.